இரண்டு தொன்னைப் புளியோதரை

அந்த இரண்டாம் சனிக்கிழமை ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே தங்கபாய்க்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு வகுப்பில் அவள் முறை. தங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த கமலவல்லி அம்மாளைப் பற்றிச் சொல்லப்போகிறாள். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்ததில் டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷம். ராஜபாளையத்தில் டாக்டர் அருளப்பன் நடத்திவந்த சின்ன மனநல ஆஸ்பத்திரியில் தங்கபாய் சமூகப் பணியாளர். மாத்திரை எழுதுவது டாக்டர். நோயாளியின் வீடு வரைக்கும் போய், அங்கே யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று பார்த்து வந்து சொல்வது தங்கபாய். அவள் சொல்வதை டாக்டர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். அது பெருமைதான். அதில் இருக்கிற ஆபத்து அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

வகுப்பு நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். மனநல வேலை பார்க்கிறவர்களுக்கான தொடர்கல்வி என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கும் வந்து, இனிமேல் நமக்கு யார் என்ன சொல்லித்தர இருக்கிறது என்று இருந்தவர்களை மறுபடியும் பிடித்துப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர்கள், நர்சுகள், தங்கபாயைப் போன்றவர்கள் என்று ஏழெட்டு ஊர்க்காரர்கள் வருவார்கள். மதுரையிலிருந்து டாக்டர் வேதசிரோமணி வந்து நடத்துவார். நோயாளியின் மதம், சாதி, ஊர் வழக்கம் இவற்றைத் தெரிந்துகொண்டு வைத்தியம் பார்ப்பது எப்படி என்பதுதான் அந்த வருஷம் முழுவதும் பாடம்.

தங்கபாய் அந்தப் பாடத்தை இப்படிப் பிடித்துக்கொண்டதற்கு மகாராஜபுரத்துச் சுடலைமாடத்தி காரணம். சுடலைமாடத்திக்கு வருஷா வருஷம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சாமி வரும். ஊருக்கே அது தெரிந்த விஷயம். போன வருஷம், புதிதாக வந்த மருமகன் பயந்துபோய் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டான். தங்கபாயும் முன்பின் விசாரிக்காமல் நோய் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ஒரு டிராக்டர் நிறைய ஆள் வந்து இறங்கியது. "ஏட்டி, எங்க சாமியாடி வாக்கு சொல்லுததைக் கிறுக்குன்னு சொல்ல நீ யாரு?" என்று ஒருவர் வாசலில் நின்று கத்தினார். தங்கபாய் அன்றைக்கு உள்ளே போய் அழுதாள். அந்த அவமானம் ஆறுவதற்குள் இந்த வகுப்பு வந்து சேர்ந்தது. "ஒருத்தரோட வழக்கத்தை வியாதின்னு எழுதிறாதீங்க" என்று வேதசிரோமணி முதல் நாள் சொன்னது தன்னைப் பார்த்தே சொன்னது போல அவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் வழக்கமாகத்தான் தெரிந்தது. சூடு பட்ட கை அடுப்புப் பக்கமே போகாமல் இருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்த ஊர்க்காரவியதான். நாச்சியார் கோயில் பக்கத்துல வீடு. பேரு சொல்லலை. அம்பத்தஞ்சு வயசு. வீட்டுக்காரர் கோயில்ல பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில இருக்காவ. அந்த அம்மா நாலஞ்சு மாசமா மெலிஞ்சுக்கிட்டே வாராங்க, தூக்கமில்லை, மருமக சமைச்சதைத் தொடுறதில்லைன்னு எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்தாவ."

மருமகள் சமையலைத் தொடாமல் கமலவல்லி அம்மாள் தனக்கென்று தனிப் பானை, தனி அடுப்பு வைத்துக்கொண்டார். தண்ணீரைக்கூடக் கிணற்றில் தானே இறைத்துக் குடித்தார். சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிற நோயாக இருக்குமோ என்று டாக்டர் அருளப்பனுக்குச் சந்தேகம். மாத்திரை ஆரம்பிக்கிறதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி தங்கபாயை அனுப்பினார். அவள் போனாள். பார்த்தாள். பிறர் கை பட்டதைச் சாப்பிடாமல் ஆசாரமாக இருக்கிற வைணவக் குடும்பத்துப் பெண்கள் இந்த ஊரில் உண்டு. தான் சமைத்தது, தான் இறைத்த தண்ணீர், அவ்வளவுதான் அவர்களுக்கு. இதிலே நோய் எங்கே இருக்கிறது? வீட்டு மனிதர்களைக் கூப்பிட்டு, "அம்மாவை வற்புறுத்தாதீங்க, அவங்க நியமத்துல இருக்காங்க" என்று சொன்னாள். டாக்டரிடமும் வந்து அதையே சொன்னாள். மாத்திரை வேண்டாம் என்று முடிவாயிற்று. இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

"நான் மட்டும் இந்த வகுப்புக்கு வரலைன்னா அந்த அம்மாவுக்கும் நோயாளின்னு பேரு வச்சிருப்பேன்" என்றாள் தங்கபாய்.

வேதசிரோமணி முகமெல்லாம் மலர்ந்து, "இதுதான் வேணும். இதுக்குத்தானே நாம கூடுறோம்" என்றார்.

அதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கடைசிக்கு என்று வைத்திருந்த வேடிக்கை பாக்கி இருந்தது.

"அன்னைக்கு அவிய வீட்டுல எனக்கு ஒரு சங்கடம்" என்று ஆரம்பித்தாள். "அந்த ஐயா கோயில்ல இருந்து புளியோதரைப் பிரசாதம் கொண்டு வந்தாவ. எனக்கு ஒரு தொன்னை, அந்த அம்மாவுக்கு ஒரு தொன்னை. ஐயாவும் ஒண்ணை எடுத்து எங்க முன்னாலயே சாப்பிட்டாவ. நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவங்க, எங்க வீட்டுல சாமிக்குப் படைச்சதைத் தொட மாட்டோம். வேண்டாம்னா மனசு சங்கடப்படுமே! ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். ஐயா கை கழுவ உள்ள போனதும் ஜன்னல் திட்டுல வச்சிட்டேன். பார்த்தா, அந்த அம்மாவும் கண்ணுல ஒத்திட்டுத் தொடாமக் கீழ வச்சிட்டாங்க! வச்சிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதுவரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்தே பேசாதவங்க. அந்தச் சிரிப்புலதான் எங்களுக்குள்ள ஒட்டுதலே வந்தது. ரெண்டு பேரும் ஒண்ணாத் தப்பிச்சோம்!"

ஹாலே சிரித்தது. வேதசிரோமணியும் சிரித்தார். வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்த டாக்டர் சடகோபன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வகுப்பில் அதிகம் வாய் திறக்க மாட்டார்.

"அந்தம்மா பிரசாதத்தை எடுத்துக்கலையா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கலை சார்."

"அன்னிக்கு ஏகாதசியா இருந்திருக்குமோ? ஆனா அவர் சாப்பிட்டார்னு சொல்றீங்க."

"ஆமா, சாப்பிட்டாவ."

"அப்ப ஏகாதசி இல்லை. தீட்டு ஏதாவது இருந்ததா? வீட்டுல யாராவது தவறிப் போயிருந்தாளா?"

"இல்லை சார். அப்படின்னா அந்த ஐயா கோயிலுக்கே போயிருக்க மாட்டாவளே."

சடகோபன் தயங்கினார். நாலு பேர் நடுவில் ஒருவரை மடக்குவது அவர் சுபாவத்துக்கு ஒத்துவராத காரியம். "எங்கம்மாவும் இந்த நியமம்தான். என் மாமியார் வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிச்சதில்லை. ஆனா பெருமாள் பிரசாதம் யார் கொண்டு வந்தாலும் வாங்கிப்பா. கீழே சிந்தின பருக்கையைக்கூடப் பொறுக்கி வாயில போட்டுப்பா. நியமம் கூடக்கூட அந்தப் பக்தியும் கூடத்தான் செய்யும். பிரசாதத்தைத் தொடாம வைக்கறதுன்னா..." என்று நிறுத்தி, "அது நியமம் இல்லைம்மா. அந்தம்மா எதுக்கோ பயப்படறா" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. தங்கபாய் நின்றுகொண்டே இருந்தாள். இந்த ஊர்ப்பக்கம் பிறந்து, இந்துக்களோடு பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் போய் வந்தவள். பிரசாதம் என்றால் அவர்களுக்கு என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிரசாதம் என்றதும் அவள் மனம் ஒரே ஒரு காரியத்தைத்தான் பார்க்கும்: யார் மனமும் நோகாமல் இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது? வேலைக்கு வந்த நாளாக அதில் கைதேர்ந்தவள். அன்றைக்கும் தன் தொன்னையை மறைக்கிற அவசரத்தில் அடுத்தவளும் மறைத்தது வினோதமாகவே படவில்லை. தனக்குத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுவிட்டாள்.

"எனக்கும் தோணலையே" என்றார் வேதசிரோமணி மெதுவாக. "நானும் வேதக்காரன்தான், பிரசாதம் எடுக்கிறதில்லை. அதனால அது எனக்கு ஒரு விஷயமாவே படலை."

அவர் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசியது தங்கபாய்க்கு ஆறுதலாக இல்லை. இரண்டு மாதம். மாத்திரை இல்லாமல் இரண்டு மாதம். வற்புறுத்தாதீர்கள் என்று வீட்டாரின் வாயையும் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மாள் எப்படி இருக்கிறாரோ! கைப்பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தாள். வெயிலில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் கோயிலைப் பார்த்து நடந்தாள்.

மருமகள் சாவித்ரிதான் கதவைத் திறந்தாள். தங்கபாயைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"நீங்களே வந்துட்டேள். நானே ராஜபாளையத்துக்குப் போன் பண்ணலாமான்னு இருந்தேன். அம்மா அடுப்பு மூட்டறதையே விட்டுட்டா. நாலு நாளா வெறும் தண்ணிதான். நேத்திக்குக் கிணத்தடியில தண்ணி இழுக்க முடியாம சாஞ்சுட்டா."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்கதானே வற்புறுத்தாதேங்கோன்னு சொன்னேள்? படிச்சவா சொல்றா, நமக்கென்ன தெரியும்னு மாமா என்னைப் பேசவே விடலை. பிரசாதத்தைக்கூட அம்மா கொல்லையில பசுமாட்டுக்குப் போட்டுடறா. அதை எப்படி மாமாகிட்ட சொல்றது? மனுஷர் உடைஞ்சு போயிடுவார்."

தங்கபாயால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ஐயா எங்க?"

"உள்ளேதான் இருக்கார். இப்பத்தான் கோயில்லேர்ந்து வந்தார்."

"அவியளை டாக்டர் அருளப்பனுக்குப் போன் போடச் சொல்லுங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாரோம்னு சொல்லச் சொல்லுங்க. ஒரு ஆட்டோவுக்கும் சொல்லிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

கமலவல்லி அம்மாள் கிணற்றைப் பார்த்த அறையில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தங்கபாயைக் கண்டதும் முகம் தெளிந்தது. அதே சிரிப்பு. அதை இப்போது பார்க்கத் தங்கபாய்க்குப் பயமாக இருந்தது.

"வாங்கோ. வருவேள்னு தெரியும்" என்று குரலைத் தாழ்த்தினார். "கதவைச் சாத்திட்டு வாங்கோ. உங்ககிட்ட மட்டும்தான் பேச முடியும். உங்களுக்குத்தான் தெரியும்."

"என்ன தெரியும்மா?"

"என்ன கலக்கறான்னு."

தங்கபாய் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "யாரு கலக்கிறாங்க?"

"அது தெரியலை. மடப்பள்ளியில நன்னாத்தான் இருக்கும். வர்ற வழியில என்னமோ ஆயிடறது. இந்த ஆத்துல அரிசி, பருப்பு, உப்பு எல்லாத்துலயும் இருக்கு. இப்போ கிணத்துலயும் இருக்குமோன்னு... அன்னிக்கு நீங்களும் தொடலையே! வாங்கி அப்படியே ஜன்னல்ல வச்சுட்டேளே! அப்பவே புரிஞ்சுண்டேன். வெளியில சொல்ல முடியாம இருக்கேள், ஆனா தெரிஞ்சுண்டுட்டேள்."

ஒட்டுதல் என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னாளே, அது இதுதான். தன் தொன்னையை ஓரமாக வைத்தபோது இந்த அம்மாளின் பயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"அம்மா, நான் வேதக்காரி. அதனாலதான் சாப்பிடலை."

"அது தெரியாதா எனக்கு? நெத்தியைப் பார்த்தாலே தெரியறதே" என்று கமலவல்லி அம்மாள் பொறுமையாகச் சொன்னார். "அடுத்த தெரு ரோசம்மாள் டீச்சரும் வேதக்காரிதான். ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, இன்னும் கொஞ்சம் இருக்கா மாமின்னு கேட்டுச் சாப்பிடுவா. வேதக்காரா சாப்பிடாம என்ன?"

"அவங்க ஆர்.சி.ம்மா. அவங்களுக்கு அது பரவாயில்லை. நாங்க சி.எஸ்.ஐ. எங்க அம்மா சின்னப்பிள்ளையில இருந்து படைச்சதைத் தொடக்கூடாதுன்னு சொல்லி வளர்த்தாங்க. அதைச் சொன்னா ஐயா மனசு கஷ்டப்படுமேன்னு மறைச்சேன். அம்புட்டுதான். வேற ஒண்ணுமே இல்லை."

கமலவல்லி அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதும்மா. அதுல எதுவும் கலந்திருக்குன்னு நான் நினைக்கவே இல்லை. இப்பவும் நினைக்கலை."

அம்மாளின் முகம் மெல்ல மெல்லக் குலைந்தது. தங்கபாய் எத்தனையோ நோயாளிகள் அழுது பார்த்திருக்கிறாள். இப்படிச் சத்தமில்லாமல் ஒருவர் அழுது பார்த்ததில்லை. இரண்டு மாதமாக இந்த உலகத்தில் தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி இருந்தவர் அந்த ஒருத்தியையும் இழந்து நிற்கிறார். உண்மையைச் சொன்னது சரிதானா என்றுகூடத் தங்கபாய்க்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தாள்.

"அப்போ நான் ஒருத்திதான்" என்றார் அம்மாள். விரலை மடக்கிக்கொண்டே, "ரோசம்மா நன்னா இருக்கா. இவர் நன்னா இருக்கார். சாவித்ரி நன்னா இருக்கா. எல்லாரும் அதையேதான் சாப்பிடறா" என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத்தான் ஏதோ ஆயிடுத்தா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்து, நோகாமல் பதில் சொல்லத் தங்கபாய் படித்திருந்தாள். அந்தப் படிப்பை இப்போது ஓரமாக வைத்தாள்.

"ஆமாம்மா. உங்களுக்கு உடம்பு சரியில்லை. இந்தப் பயம் அந்த நோயோட பயம். அதுக்கு மருந்து இருக்கு. நான் அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கணும். உங்க ஆசாரம்னு நினைச்சு விட்டுட்டேன். என் தப்பு."

"மருந்தையும் சாப்பிடணுமே. அதுலயும் இருக்கும்னு தோணுமே."

"தோணும். ஆரம்பத்துல தோணத்தான் செய்யும்."

கதவு மெல்லத் திறந்தது. சாவித்ரி நின்றாள். டாக்டரிடம் பேசியாயிற்று, ஆட்டோ வருகிறது என்றாள். அவள் பின்னால் அம்மாளின் கணவர் ஜகந்நாதன். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலிலிருந்து கொண்டுவந்த தொன்னையைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றார். நாலு நாளாகச் சாப்பிடாத மனைவியைப் பார்த்தார். தொன்னையைப் பாய்க்கு அருகில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

கமலவல்லி அம்மாள் அதைக் கண்டு சுவரோடு ஒடுங்கினார்.

தங்கபாய்க்கு அப்போது தன் அம்மா நினைவுக்கு வரவில்லை, சபை நினைவுக்கு வரவில்லை. இந்த உயிர் பிழைக்க வேண்டும் என்ற ஒன்றுதான் இருந்தது. நான் தொடாமல் வைத்ததால்தானே இந்தப் பயம் வேர் பிடித்தது? நானே சாப்பிட்டுக் காட்டிவிடுகிறேன். தொன்னையை எடுத்தாள். நாலு விரலால் சோற்றை அள்ளினாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

அம்மாள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தெம்பே இல்லாத அந்தக் கையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ!

"வேண்டாம். உங்கம்மா வேண்டாம்னு சொல்லி வளர்த்திருக்கான்னு இப்பத்தானே சொன்னேள்?"

"பரவாயில்லைம்மா. உங்களுக்காகத்தான்."

"எனக்காக நீங்க உங்க நியமத்தை விடப்படாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

தங்கபாயின் விரல்களை விரித்து, அந்தச் சோற்றைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தார். அதில் விஷம் இருக்கிறது என்றுதான் அந்த நிமிஷமும் அவர் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டு, மென்று, சிரமப்பட்டு விழுங்கினார். ஜகந்நாதன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தெருவில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. சாவித்ரி எழுப்ப வந்தாள். கமலவல்லி அம்மாள் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மற்றொரு கை தங்கபாயின் கையை விடவே இல்லை.

"செத்த நேரம் இப்படியே இருங்கோ" என்றார். "எனக்கு என்ன ஆறதுன்னு பார்த்துட்டுப் போகலாம்."

தங்கபாய் அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.